ராக்கபில்லி குழு தன் பாரத்தை இறக்கிவைப்பது எப்படி

நாட்டுப்புற இசையும் ப்ளூஸும் கலந்து 1950களில் அமெரிக்காவில் எழுந்த துள்ளல் இசைதான் ராக்கபில்லி. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் மேடையேறிய ராக்கபில்லி குழு ஒன்று, வழியில் கண்டதையெல்லாம் ஏற்றிக்கொண்ட வண்டியைப் போலத் தன்னையறியாமல் பருத்துவிடுகிறது. டிரம்ஸ் தொகுப்பில் முதலில் டாம் என்னும் துணை டிரம்கள் இரண்டு கூடுகின்றன. ஆளுயர டபுள் பாஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் அலைவது தொல்லை என்று எலெக்ட்ரிக் பாஸ் வருகிறது. கிதார் வாசிப்பவரின் காலடியில் ஒலியை மாற்றும் பெடல்கள் வரிசை கட்டுகின்றன. பிறகு ஒரு சாக்ஸஃபோன், ஒரு பியானோ, பின்னணிக் குரல்கள். ஒவ்வொன்றும் வந்தபோது நியாயமான காரணத்தோடுதான் வந்தது. ஆனாலும் ஒருநாள் பழைய ஒத்திகைப் பதிவு ஒன்றைக் கேட்கும்போது, மூன்றே பேர் வாசித்த அந்தப் பாட்டு இன்றைய ஏழு பேரின் பாட்டைவிடத் துள்ளலாக இருப்பது காதில் விழுகிறது. அப்படித் திரும்பிப் போக நினைக்கும் குழுவுக்கான செய்முறை இது.

திரும்பிப் போவது என்றால் எங்கே என்பதில் முதலில் தெளிவு வேண்டும். 1954 ஜூலை 5ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 706 யூனியன் அவென்யூ என்ற முகவரியில் சாம் ஃபிலிப்ஸ் நடத்திவந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் மூன்று பேர் நின்றார்கள். எல்விஸ் பிரெஸ்லி பாடியபடி சாதாரண மரக்கிதாரை வாசித்தார். ஸ்காட்டி மூர் எலெக்ட்ரிக் கிதாரும் பில் பிளாக் டபுள் பாஸும் வாசித்தார்கள். டிரம்ஸ் கிடையாது. அன்று பதிவானது, ஆர்தர் குருடப் என்ற கறுப்பின ப்ளூஸ் கலைஞர் 1946இல் பதிவு செய்திருந்த ‘தட்ஸ் ஆல் ரைட்’ என்ற பாட்டு. இரண்டு நிமிடம்கூட ஓடாது. அதைக் கேட்கும் எவருக்கும் தாளம் குறைவதாகத் தோன்றுவதில்லை. டிரம்ஸ் செய்ய வேண்டிய வேலையைப் பாஸின் தட்டலும் மரக்கிதாரின் வீச்சும் பங்கிட்டுக்கொண்டதே அதற்குக் காரணம்.

இந்தச் செய்முறை முழுவதும் அந்த ஒரு கணக்கின்மேல்தான் நிற்கிறது. ஒரு வாத்தியத்தை நீக்கினால் அது செய்துவந்த வேலை நீங்கிவிடாது. மிச்சமிருப்பவர்களில் ஒருவர் தலையில் ஏறும். யார் தலையில் என்று தீர்மானிக்காமல் ஆட்களை மட்டும் குறைத்த குழுக்கள், எளிமையான ஒலிக்குப் பதிலாக மெலிந்த ஒலியைத்தான் பெறுகின்றன. எனவே வாத்தியங்களில் கைவைக்கும் முன், உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதில் அடியைப் பிடிப்பவர் யார், அடிநாதத்தை நிரப்புபவர் யார், பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் பதில் சொல்பவர் யார் என்று தாளில் எழுதுங்கள். ஒரே வேலைக்கு எதிரே மூன்று பெயர்கள் வந்தால், இரண்டு பெயர்களை அடிக்கலாம். ஒத்திகையில் அந்தப் பாட்டை ஒவ்வொரு முறையும் ஒருவரைக் குறைத்து வாசித்துப் பாருங்கள். யாரை எடுத்ததும் பாட்டு சரிகிறதோ, அவரை மட்டும் திரும்பக் கூப்பிடுங்கள். இந்த வேலையில் சிலர் மனம் வருந்தக்கூடும் என்பதால், இதை மேடைக்கு முந்தைய வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பாஸ்: பாதி வேலை இங்கேயே முடியும்

முதலில் திரும்ப வேண்டியது டபுள் பாஸ். எலெக்ட்ரிக் பாஸின் ஒலி நீண்டு நிற்கும். டபுள் பாஸின் ஒலி எழுந்ததும் மடிந்து, அடுத்த அடிக்கு இடம் விடும். அந்த இடைவெளியில்தான் ராக்கபில்லியின் துள்ளல் குடியிருக்கிறது.

தந்தி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். இன்று கடையில் வாங்கும் டபுள் பாஸில் பெரும்பாலும் எஃகுத் தந்திகள்தாம் பூட்டப்பட்டிருக்கும்; அவை இறுக்கமானவை, வில்லுக்கு இசைபவை, ஆனால் இழுத்துத் தட்டும் கைக்குப் பகையானவை. 1950களில் வாசித்தவர்களின் பாஸ்களில் இருந்தவை விலங்குக் குடலிலிருந்து முறுக்கிய நரம்புத் தந்திகள். நரம்பு என்ற சொல்லே பழந்தமிழில் யாழின் தந்தியைக் குறித்ததுதானே. மரபான தொகுப்பில் ஜி, டி ஆகிய இரண்டும் வெறும் நரம்பாகவும், ஏ, ஈ ஆகிய இரண்டும் நரம்பின்மேல் உலோகக் கம்பி சுற்றியவையாகவும் இருக்கும். விலை அதிகம், ஈரப்பதம் மாறினால் சுருதியும் மாறும். கட்டுப்படியாகாதவர்கள் செயற்கை இழைத் தந்திகளை வாங்கலாம். புல்வெட்டும் கருவியில் சுழலும் தடித்த நைலான் இழையைப் பாஸில் கட்டி வாசிப்பவர்களும் ராக்கபில்லி உலகில் உண்டு. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், தட்டலுக்கு அது நன்றாகவே உழைக்கிறது. சுரம் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருக்கும்.

இனி, தந்தியை இழுத்தும் தட்டியும் வாசிக்கும் ஸ்லாப் முறை. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துக் கொக்கிபோல் மடித்து, விரற்பலகையின் கீழ்முனைக்குச் சற்று மேலே தந்தியைப் பற்றி, பலகையிலிருந்து விலக்கி இழுத்து, சட்டென்று விட வேண்டும். தந்தி திரும்பிப் பாய்ந்து பலகையில் மோதும்போது, சுரத்தோடு ‘டக்’ என்ற ஓசையும் சேர்ந்து பிறக்கும். அடுத்த அரையடியில், விரித்த உள்ளங்கை தந்திகளைப் பலகையோடு சேர்த்துத் தட்ட வேண்டும். இதில் சுரம் இல்லை, தாளம் மட்டுமே. இழுப்பு, தட்டு, இழுப்பு, தட்டு என்று சீராக வருவது ஒற்றை ஸ்லாப். ஓர் இழுப்புக்குப் பின் இரண்டு தட்டுகள் வந்தால் குதிரை ஓட்டம் போன்ற நடை கிடைக்கும்; அது இரட்டை ஸ்லாப். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 அடியில் வைத்து, ஒற்றை ஸ்லாப்பை நாளுக்குப் பத்து நிமிடம் வாசியுங்கள். இழுப்பும் தட்டும் ஒரே கனத்தில் விழும்வரை வேகத்தைக் கூட்ட வேண்டாம்.

வலிமை விரலிலிருந்து வரக்கூடாது. முன்கை கதவுக்குமிழைத் திருப்புவதுபோல் சுழல, விரல்கள் கூடவே போக வேண்டும். இதை நான் உணர்ந்தது முதல் மாதத்தில் இரண்டு விரல்களும் கொப்பளித்த பிறகுதான். தவில்காரர்கள் விரல்களில் கூடு மாட்டிக்கொள்வதைப் போல, ஸ்லாப் வாசிப்பவர்கள் பலரும் விளையாட்டு வீரர்கள் பயன்படுத்தும் பருத்தி ஒட்டுப்பட்டையை விரல்களில் சுற்றிக்கொள்கிறார்கள்; முதல் நாளிலிருந்தே சுற்றிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்ன சுரங்களை வாசிப்பது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பாட்டு ஈ அல்லது ஏ சுருதியில் இருந்தால் திறந்த தந்திகளே ஆதார சுரமாக அமைவதால், இடது கைக்கு ஓய்வும் வலது கைக்குச் சுதந்திரமும் கிடைக்கின்றன. நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாட்டுக்கு ஆதார சுரமும் ஐந்தாம் சுரமும் மாறி மாறி வந்தால் போதும். ப்ளூஸ் சாயல் கொண்டதற்கு ஆதாரம், மூன்று, ஐந்து, ஆறு என்று ஏறி இறங்கும் நடை பொருந்தும்.

டிரம்ஸ் வேண்டுமா

டிரம்மரை அனுப்பிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்விஸின் குழுவிலேயே, லூசியானா ஹேரைடு என்ற வானொலி நிகழ்ச்சியில் வாசித்துக்கொண்டிருந்த டி. ஜே. ஃபாண்டானா பின்னர் வந்து சேர்ந்தார். பாடகர் கார்ல் பெர்கின்ஸ், சாம் ஃபிலிப்ஸின் சன் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடியபோது டபிள்யூ. எஸ். ஹாலண்ட் டிரம்ஸ் வாசித்தார். ஆனால் முதல் ஒரு மாத ஒத்திகையை டிரம்ஸ் இல்லாமலே நடத்துங்கள். தாங்கிப் பிடிக்க ஆள் இருக்கும்வரை, பாஸும் மரக்கிதாரும் தங்கள் தாளப் பொறுப்பை ஏற்பதே இல்லை. அந்த மாதம் டிரம்மர் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டாம். எங்கே அடி தளர்கிறது என்று குறிப்பெடுக்கட்டும்.

மரக்கிதாரின் பங்கு இங்கே பெரிது. பாடகர் ஜானி கேஷுடன் கிதாரில் லூதர் பெர்கின்ஸும் பாஸில் மார்ஷல் கிராண்டும் மட்டுமே வாசித்த நாள்களில், கேஷ் தன் கிதாரின் தந்திகளுக்கு இடையே ஒரு காகிதத்தைச் செருகிக்கொண்டு வீசினார். ஸ்னேர் டிரம்மின் சரசரப்பு அதில் கிடைத்தது. தடித்த காகிதத்தை நீளவாட்டில் மடித்து, தந்திகளின் மேலும் கீழுமாகப் பின்னி, தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அருகே செருகி, இரண்டாம் நான்காம் அடிகளில் கொஞ்சம் அழுத்தி வீசிப் பாருங்கள். ஒரு காகிதத்தில் இவ்வளவு இருக்கிறதா என்று டிரம்மரே எழுந்து வந்து பார்ப்பார்.

டிரம்ஸ் திரும்பி வரும்போது ஸ்னேர், பேஸ் டிரம், ஒரு சிம்பல் என்ற அளவில் வரட்டும். நியூயார்க்கின் லாங் ஐலண்டிலிருந்து 1980இல் லண்டனுக்குப் போய்ப் பெயர் பெற்ற ஸ்ட்ரே கேட்ஸ் குழுவில், ஸ்லிம் ஜிம் ஃபேண்டம் இந்த அளவு தொகுப்பை நின்றுகொண்டே வாசித்தார். அந்தக் குழுவின் பிரையன் செட்ஸர் பின்னாளில் பெரும் ஊதுகுழல் படையோடு ஆர்கெஸ்ட்ரா நடத்தியவர். அவரும் மற்ற இருவரும், குழுவின் முந்தைய ஆல்பத்துக்கு 26 ஆண்டுகள் கழித்து, 2019இல் மீண்டும் மூவராகவே புதிய ஆல்பம் வெளியிட்டார்கள். குச்சிக்குப் பதிலாகக் கம்பிப் பிரஷ் பயன்படுத்தினால் பாஸின் தட்டல் மறையாது. பேஸ் டிரம்மை மெல்ல மிதிப்பது நல்லது. அது ஓங்கினால் பாஸின் அடிநாதத்தை விழுங்கிவிடும்.

கிதாரும் ஆம்ப்பும்

எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவருக்கு இந்த மாற்றம் கசப்பாக இருக்கும், ஏனென்றால் அவர் இழப்பதே மிக அதிகம். பெடல் பலகையை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அழுத்தமான ஒலிச்சிதைவு (டிஸ்டார்ஷன்), நீண்ட முழக்கம் (ரிவெர்ப்) ஆகியவை போனதும், ஒற்றைச் சுரங்களுக்கு நடுவே பெரிய வெற்றிடம் தெரியும். அந்த வெற்றிடத்தை நிரப்பும் உத்தி கட்டைவிரலில் இருக்கிறது. கென்டக்கியின் மெர்ல் டிராவிஸும், அவர் வழியில் சென்ற செட் அட்கின்ஸும் வாசித்ததுபோல, கட்டைவிரல் தடித்த கீழ்ச்சுருதித் தந்திகளில் மாறி மாறி அடியைப் பிடிக்க, மற்ற விரல்கள் மெல்லிய மேல்சுருதித் தந்திகளில் மெட்டை வாசிக்க வேண்டும். உள்ளங்கையின் ஓரம் பாலத்தின் மேல் படிந்து, கீழ்ச்சுருதித் தந்திகளின் ஒலியை அரைகுறையாக அடக்க வேண்டும். ஸ்காட்டி மூரின் வாசிப்பு இந்த இருவரிடமிருந்து கற்றது. தனி வாசிப்பு வரும்போதுகூட அவருக்கு அடியில் தாங்க ஆள் தேவைப்படாததற்கு இதுவே காரணம்.

உள்ளீடற்ற உடல் கொண்ட கிதார், 0.012 அங்குலத்தில் தொடங்கும் தடித்த தட்டைச் சுற்றுத் தந்திகள், கிதாரின் ஒலியைப் பெருக்க 12 முதல் 20 வாட் வரையுள்ள வால்வு ஆம்ப் ஆகியவை போதும். எல்விஸுடன் மூர் முதலில் வாசித்தது கிப்சன் இ.எஸ்.-295, பலரும் விரும்பும் கிரெட்ச் 6120 அதே காலத்தில் சந்தைக்கு வந்தது. ஆனால் கிதாரின் பெயர்ப் பலகைக்காகக் கடன் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தந்தியின் தடிமனும் ஆம்ப்பின் அளவும் ஒலியை மாற்றும் அளவுக்குக் கிதாரின் பெயர் மாற்றுவதில்லை. ஆம்ப்பின் ஓசையை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு சோதனை உண்டு: மைக் இல்லாத டபுள் பாஸ் அறையில் தெளிவாகக் கேட்க வேண்டும். அது கேட்காத கணத்தில் ஆம்ப்பைக் குறையுங்கள்.

ஸ்லாப்பேக் என்னும் ஒற்றை எதிரொலி

சன் பதிவுகளின் அடையாளம் அந்தக் குட்டையான எதிரொலி. அதைப் பலரும் முழக்கத்தோடு குழப்பிக்கொண்டு, பாடகரைக் கோயில் மண்டபத்தில் நிறுத்திவிடுகிறார்கள். சாம் ஃபிலிப்ஸ் செய்தது வேறு. பதிவாகிக்கொண்டிருக்கும் ஒலியை இன்னொரு ஆம்பெக்ஸ் டேப் இயந்திரத்துக்கும் அனுப்பினார். டேப், பதிவு செய்யும் முனையைக் கடந்து திரும்பப் படிக்கும் முனைக்கு வந்து சேரச் சிறிது நேரம் ஆகும். அப்படித் தாமதித்து வந்த ஒலியை மூல ஒலியோடு கலந்தார். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்றும் இரு முனைகளுக்கும் இடையே 2 அங்குலம் என்றும் வைத்துக்கொண்டால், தாமதம் 2ஐ 15ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறத்தாழ 133 மில்லி நொடி. காது இதைத் தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்டாலும், இரண்டாவது ஆள் பாடுவதாக எண்ணும் அளவுக்கு விலகிப் போவதில்லை.

டேப் இயந்திரம் இல்லாதவர்கள் கணினியிலோ ஒரு சிறிய டிலே பெட்டியிலோ இதைச் செய்யலாம். தாமதத்தை 120 முதல் 140 மில்லி நொடிக்குள் வையுங்கள். மறுவொலிகளின் எண்ணிக்கை ஒன்றே ஒன்று. திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் குமிழைச் சுழியத்தில் விடுங்கள். டேப் உயர் அதிர்வுகளைச் சற்று மங்கச் செய்யும் என்பதால், எதிரொலியில் மட்டும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதைக் குறையுங்கள். எதிரொலியின் அளவைக் கூட்டிக்கொண்டே போய், அது இருப்பது தெளிவாகத் தெரிந்ததும் கொஞ்சம் பின்வாங்கினால் சரியான இடம் கிடைக்கும். பாட்டின் வேகத்தையும் கவனியுங்கள்: நிமிடத்துக்கு 115 அடி என்றால் ஓரடியின் கால் பங்கு 130 மில்லி நொடி, அந்த வேகத்தில் எதிரொலி தாளத்தோடு பூட்டிக்கொண்டு, மரக்கிதாரின் வீச்சை இரட்டிப்பாக்கும். வேறு வேகங்களில் அது தாளத்துக்குச் சற்று முன்போ பின்போ விழும். அதில் தவறில்லை, சில பாட்டுகளில் அந்த உரசலே அழகு. ஆனால் குழு அதைக் கேட்டுக்கொண்டு வாசித்தால் தடுமாறும் என்பதால், ஒத்திகையில் எதிரொலியோடு பழகிவிட வேண்டும்.

எல்விஸின் ஒப்பந்தத்தை 1955 நவம்பரில் 35,000 டாலருக்கு வாங்கிய ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனம், 1956 ஜனவரியில் நாஷ்வில்லில் தன் முதல் பதிவை நடத்தியபோது இந்த ஒலியைப் பிடிக்க முயன்று, கட்டடத்தின் நடைகூடத்தை எதிரொலி அறையாக்கியது. விளைந்த பதிவு பெரும் வெற்றி பெற்றது, ஆனால் சன்னின் எதிரொலி அதில் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஸ்லாப்பேக்குக்கும் முழக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஐந்தே நிமிடத்தில் காதில் பதிந்துவிடும். கிதாருக்கு மட்டும் எதிரொலி வேண்டுவோருக்கும் முன்மாதிரி உண்டு: இல்லினாய் மாநிலத்தின் ரே பட்ஸ் என்பவர் டேப் எதிரொலியை உள்ளேயே பொருத்திய எக்கோசோனிக் ஆம்ப்பை உருவாக்கினார், அதில் ஒன்றை மூர் 1955இல் வாங்கி, மேடைக்கும் கொண்டுபோனார்.

அறையே கலவை

பதிவு செய்யும்போது எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசியுங்கள். தனித்தனியே பதிந்து பிறகு கோப்பது இங்கே உதவாது. பாடகர் ஒரு சொல்லை இழுத்தால் பாஸ் காத்திருப்பதும், கிதார் முந்திக்கொண்டு பதில் சொல்வதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போதுதான் நடக்கும். 1950களின் நம் திரைப்பாடல்களும் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்து, பிழை வந்தால் முதலிலிருந்து தொடங்கிப் பதிவானவைதாமே.

முதல் நாள் ஒரே ஒரு மைக்கோடு பயிற்சி செய்யுங்கள். பாடகர் மைக்கிலிருந்து ஓரடி தள்ளி நிற்கட்டும். பாஸ் நான்கடி, கிதார் ஆம்ப் ஆறடி, டிரம்ஸ் பத்தடி என்று தொடங்குங்கள். ஒரு பாட்டை வாசித்து, உடனே கேட்டு, ஓங்கி ஒலிப்பவரைப் பின்னே நகர்த்துங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். அறையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே குறையும். குமிழைத் திருகும் ஆசையைக் கட்டுப்படுத்திக்கொண்டு, கால்களால் மட்டும் கலவை செய்யுங்கள். நான்கைந்து முறை நகர்ந்ததும் பாட்டு தானாகத் தெளியும். தரையில் சுண்ணக்கட்டியால் ஒவ்வொருவரின் இடத்தையும் குறித்துவிட்டால், மறுநாள் மீண்டும் தேட வேண்டியிராது. ரிப்பன் மைக் கிடைத்தால் நல்லது. அது முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது, ஆகவே அடங்க மறுக்கும் டிரம்ஸை அதன் பக்கவாட்டில் வைத்துச் சமாளிக்கலாம். பழைய ரிப்பன் மைக்குக்கு, மைக் கம்பி வழியே அனுப்பும் ஃபேண்டம் மின்னழுத்தம் போய்ச் சேர்ந்தால் ரிப்பன் பழுதாகக்கூடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பாஸுக்கு இரண்டாவது மைக் வைக்க நேர்ந்தால், அது பாஸிலிருந்து இருக்கும் தூரத்தைப் போல் மூன்று மடங்காவது பாடகரின் மைக்கிலிருந்து தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் இரண்டின் ஒலியும் மோதி அடிநாதம் உள்ளீடற்றுப் போகும். இறுதிப் பதிவு மோனோவில் இருக்கட்டும். கேட்பதும் ஒரே ஒலிபெருக்கியில் நடக்கட்டும். இடவலமாகப் பரப்பி வைக்கும் வசதி இருந்தால், பாட்டின் நெரிசல் கடைசிவரை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.

பாட்டுகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. இரண்டரை நிமிடத்தைத் தாண்டுவதைக் குறையுங்கள். தனி வாசிப்பு பன்னிரண்டு தாளச் சுற்றுகளோடு (பார்) முடியட்டும். அதே தனி வாசிப்பை இரண்டாம் முறை வைக்க வேண்டுமென்றால் அதற்குப் பாடகர் காரணம் சொல்லட்டும். சொந்தப் பாட்டுகளை உரித்துப் பார்க்க ஒரு பயிற்சி உண்டு. எல்விஸின் முதல் இசைத்தட்டின் மறுபக்கத்தில் இருந்தது, பில் மன்ரோ முக்கால் தாள வால்ட்ஸாகப் பாடிய புளூகிராஸ் பாட்டு. அதை மூவரும் நான்கடித் தாளத்துக்கு மாற்றி விரட்டினார்கள். அதுபோல உங்கள் பட்டியலில் மிக மெதுவான பாட்டை எடுத்து, தாளத்தை மாற்றி, மூன்றே ஸ்வரக்கட்டுகளுக்குள் (கார்டு) அடக்கிப் பாருங்கள். உயிரோடு மீள்கிற பாட்டை வைத்துக்கொள்ளலாம்.

மேடைக்கு வரும்போது, பாஸில், அதிர்வை மின்குறிப்பாக்கும் விரற்பலகைப் பிக்கப் ஒன்றும், பாலத்தருகே ஒரு பிக்கப்போ நுரைப்பஞ்சு சுற்றிச் செருகிய சிறு மைக்கோ இருந்தால், தட்டலையும் சுரத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடியும். அரங்கின் ஒலிப்பொறியாளர் பேஸ் டிரம்மை நெஞ்சில் இடிக்கும்படி வைக்கப் பழகியவராக இருப்பார். நிகழ்ச்சிக்கு முன்பே அவரிடம் நயமாகப் பேசி, பாஸுக்குப் பிறகுதான் டிரம்ஸ் என்று சொல்லிவையுங்கள். மூவரும் ஒருவருக்கொருவர் ஆறடிக்குள் நில்லுங்கள், மேடை எவ்வளவு அகலமாக இருந்தாலும். நரம்புத் தந்திகள் குளிரூட்டிய அரங்கில் ஒரு சுருதியிலும் விளக்குகள் எரியத் தொடங்கியதும் இன்னொரு சுருதியிலும் நிற்கும் என்பதால், பாஸை ஒரு மணி நேரம் முன்னதாகவே மேடையில் கொண்டுபோய் வைத்து, திரை விலகுவதற்குச் சற்று முன் கடைசியாக ஒருமுறை சுருதி கூட்டிக்கொள்ளுங்கள்.